ஸ்கேன் மேசையை விட்டு இறங்கும் முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். அம்மாவின் எலும்பு ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்தது. "டொக்டர், இடுப்புக்குக் கிட்ட கறுப்பா ஒரு பொட்டு தெரியுது. கான்சர் பரவிட்டுதா?"

அதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஊசியில் போன கதிரியக்க மருந்து உடம்பில் எங்கே, எவ்வளவு சேர்ந்தது என்பதைத்தான் எலும்பு ஸ்கேன் போன்ற அணு மருத்துவப் படம் காட்டுகிறது. மூலக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் எண்ணிக்கை உண்டு. கறுப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். போன் போட்டோவில் அதற்கு வழியில்லை.

தூரத்திலிருந்து வாசிப்பதே பிழை என்று சொல்லவில்லை. கொழும்பில் வீட்டு மேசையிலிருந்து நானும் வாசிக்கிறேன். கோப்பு முழுதாக வர வேண்டும், நோயாளி அங்கே இருக்கும்போதே வர வேண்டும். ஒருமுறை இன்னொருவருக்குத் தொடைப் பக்கம் இதேபோல ஒரு பொட்டு. டெக்னீஷியனுக்குப் போன் எடுத்து, "சலம் போனபிறகு அந்த அம்மா உடுப்பு மாத்தினாவா?" என்று கேட்டேன். இல்லையாம். இந்த மருந்து சிறுநீரில் வெளியேறும். ஒரு துளி உடுப்பில் பட்டாலும் காமரா பிடித்துவிடும். கழுவி, உடுப்பு மாற்றி, மறுபடி எடுத்தார்கள். பொட்டைக் காணோம்!

அவர் வீட்டுக்குப் போயிருந்தால்? ஊசி மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் அதே நேரம் 16இல் ஒரு பங்குகூட உடம்பில் மிஞ்சாது. அப்புறம் புது ஊசிதான்.

பெட் (PET) ஸ்கேன் என்ற இன்னொரு அணு மருத்துவப் படத்தில் நோயாளியின் எடையையோ ஊசி போட்ட நேரத்தையோ பிழையாகப் பதிந்தால், திரையில் வரும் அளவும் பிழை. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவருக்குக் குடல் சும்மாவே பளிச்சென்று தெரியும். இதெல்லாம் படத்தோடு எழுதி வராவிட்டால் நான் ஊகிக்கத்தான் வேண்டும்.

சரி, வெள்ளவத்தை மகளின் அம்மாவிடம் வருவோம். மூலக் கோப்பு உள்ள சீடியைக் கொண்டுவரச் சொன்னேன். பொட்டு எலும்பில்தான் இருந்தது. "எங்கயாவது விழுந்தீங்களா அம்மா?" என்றேன். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கியதாம். அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை, ரிப்போர்ட்டிலும் இல்லை. ஆறிவரும் முறிவும் மருந்தை இழுக்கும். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தது.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் விழுந்தது, பல் பிடுங்கியது, முழங்கால் மாற்றியது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். வரும்போது சீடியைக் கேட்டு வாங்குங்கள். போட்டோ அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பெயரையும் கிளினிக் நம்பரையும் மறையுங்கள். அந்த மகள் அனுப்பிய படத்தில் தெளிவாக வாசிக்க முடிந்தது அவை இரண்டும்தான்.