பாராசூட் வைத்த டிரோனைச் சோதிக்க லைசென்ஸ் வேண்டுமா?

நான்கு மோட்டார் டிரோனில் ஒரு மோட்டார் நின்றால் பெரும்பாலும் அது தலைகுப்புறத்தான் வரும். அதைத் தடுக்கப் பாராசூட், காப்பு வளையம் என்று ஏதாவது செய்து வைத்துவிட்டு, பறக்கவிட்டுப் பார்க்க லைசென்ஸ் இல்லையே என்று தயங்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் வந்த இந்திய டிரோன் விதிகளிலேயே உங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது.

ஆராய்ச்சி, சோதனை இவற்றுக்காகப் பறக்கவிடும்போது டிரோனுக்கான வகைச் சான்றிதழ் (அந்த மாடல் தரமானது என்று தரும் சான்று), பதிவு எண், முன் அனுமதி, பைலட் சான்றிதழ் நான்கும் தேவையில்லை. அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள், ஜிஎஸ்டி எண் உள்ள டிரோன் தயாரிப்பாளர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். வீட்டு மொட்டை மாடியில் தனியாகச் செய்பவர் வரமாட்டார், அதனால் ஒரு கல்லூரியோடு சேர்ந்து செய்வது நல்லது.

இடம்தான் முக்கியமான நிபந்தனை. பச்சை மண்டலமாக, அதாவது முன் அனுமதி வாங்காமல் டிரோன் பறக்கவிடக்கூடிய வான்பகுதியாக இருக்க வேண்டும், அதுவும் உங்கள் வளாகத்துக்குள் அல்லது உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியில். பச்சை என்றால் பொதுவாக 400 அடி உயரம் வரை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய கல்லூரி என்றால் அது பச்சை மண்டலத்தில் வராது, சொந்த மைதானமாகவே இருந்தாலும் இந்த விலக்கு செல்லாது. கிளம்பும் முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு டிரோன் தளத்தின் வரைபடத்தை அன்றன்றைக்குப் பாருங்கள், மண்டலம் மாறியிருக்கலாம்.

காப்பீடு அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. 250 கிராம் வரையிலான நானோ டிரோனுக்கு மட்டும்தான் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பறக்கலாம். இங்கேதான் பலர் எடையைக் கோட்டை விடுகிறார்கள்: 240 கிராம் டிரோனில் 30 கிராம் வளையத்தை மாட்டினால் அது அடுத்த எடை வகையான மைக்ரோவுக்குப் போய்விடும், காப்பீடும் தேவைப்படும், ஏனென்றால் சுமையும் சேர்த்துத்தான் கணக்கு.

அப்புறம், விதி பார்க்காத ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய விஷயங்கள். பாராசூட் விரிவதற்கு முன் மோட்டார்கள் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் கயிறு ப்ரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும். அது முழுதாக விரியக் கொஞ்சம் உயரமும் வேண்டும், பத்தடியில் மோட்டார் நின்றால் பாராசூட்டால் பயனில்லை, அங்கே காப்பு வளையம்தான் கை கொடுக்கும். சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரத்தை வளாகத்தின் மிக உயரமான தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலே வையுங்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஆறு மோட்டாருக்குப் போய்விடுங்கள் என்பேன், ஒன்று நின்றாலும் பெரும்பாலும் சமாளித்து இறக்கிவிடலாம்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்கு (DGCA) டிஜிட்டல் ஸ்கை வழியாக ஆன்லைனில் தெரிவித்துவிடுங்கள்.