காட்டு நில உரிமை: சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள்

2006 வன உரிமைச் சட்டத்தின் சாரம் இவ்வளவுதான்: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ பிழைக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சான்று வர வேண்டும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும்.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடியினரோ, கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கத்து இருளர்களோ மனுவோடு போனால், "75 வருஷ ஆதாரம் எங்கே?" என்கிறார்கள் அதிகாரிகள். அது பழங்குடி அல்லாதவர்களுக்கான நிபந்தனை. அடுத்து பட்டா நகல் கேட்பார்கள். பட்டா இருந்தால் இந்த மனு எதற்கு? சாதிச் சான்று இல்லையென்றால் அதை முதலில் பாருங்கள். பழங்குடிச் சான்று தருவது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), தாசில்தார் அல்ல.

இந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 கேட்பது ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம், அவ்வளவே. ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது, போட்ட வரப்பு, பழைய கிணறு, சுடுகாடு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம், எல்லாம் செல்லும். வனத்துறை வழக்கில் அபராதம் விதித்த கோர்ட் உத்தரவும் செல்லும். அவமானம் என்று அதைக் கிழித்துப்போட்டவர்கள் உண்டு. 2005-க்கு முந்தைய தேதியோடு நீங்கள் அங்கே இருந்ததை அரசாங்கமே எழுதித் தந்திருக்கிறது, பத்திரமாக வையுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது.

மனு போக வேண்டியது ரேஞ்சர் ஆபீசுக்கு அல்ல, கிராம சபையின் வன உரிமைக் குழுவுக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். சீட்டு இல்லையென்றால் மனு "வரவே இல்லை". சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். மலைமேல் ஊரை வைத்துக்கொண்டு அடிவாரத்தில் கூட்டம் போட்டால் ஆள் எப்படிச் சேரும்? ஊரிலேயே கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அளக்க வரும் நாளில் கூடவே நடங்கள். உழுகிற மூன்று ஏக்கர் காகிதத்தில் ஒன்றாகச் சுருங்குவது அங்கேதான். வந்த வனத்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பதவி, தேதியோடு கையெழுத்திட வேண்டும்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா, போங்க" என்று ஜன்னலில் சொல்வது உத்தரவு ஆகாது. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள், அதுவரை மேல்முறையீட்டுக்கு வழியில்லை. எழுத்து கிடைத்த பின் 60 நாள்: கிராம சபை முடிவு மீது வருவாய்க் கோட்ட அளவிலான குழுவிடம், அதன் முடிவு மீது கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம்.

விசாரணை முடியும்வரை பிரிவு 4(5)-ன்படி வெளியேற்ற முடியாது. வனக் காவலர் வந்து வேலியைப் பிடுங்கினால் ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்கள். நகலை மட்டும், மூலத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.