சர்நேம் என்றால் கடைசிப் பெயரா?

அபூர்வமான ஓர் ஆங்கிலச் சர்நேமை, அதாவது ஒரு குடும்பத்தில் வழிவழியாக இறங்கும் பெயரைப் பற்றிய கட்டுரையின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தேன். அந்தப் பெயர் எந்த ஊரிலிருந்து கிளம்பியது, இன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது, எந்த நாட்டில் அதிகம் என்று நல்ல விஷயங்கள்தான். ஆனால் பத்திக்குப் பத்தி ‘கடைசிப் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று வந்து மண்டை காய்ந்துவிட்டது. பாதி தாண்டியதும் ‘அழிந்துபோன கடைசிப் பெயர்’ என்று ஒரு துணைத்தலைப்பு. சரி, வரிசையாக அழிந்த பெயர்களில் ஆகக் கடைசியாக அழிந்தது எது என்று சொல்லப்போகிறார்கள் போல என்று நினைத்துத்தான் அதைப் படித்தேன். அப்படி எதுவும் இல்லை. அழிந்துபோன ஒரு சர்நேம், அவ்வளவுதான் விஷயம்.

செயலிகளிலும் இணையப் படிவங்களிலும் இதே கதை. ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டையும் நிரப்பாமல் நகரக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறார்கள். இது எந்த ஊர்த் தமிழ்?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம், அதில் பெரிய சிக்கல் இல்லை. பழைய பிரெஞ்சில் ‘சுர்’ என்றால் மேலே, ‘நோம்’ என்றால் பெயர். இலத்தீனின் ‘சூப்பர்’, ‘நோமென்’ இரண்டும்தான் அடி. இங்கிலாந்தை நார்மானியர்கள் 1066இல் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின, அந்த வரத்தில் சேர்ந்தது இதுவும். சர்நேமில் உள்ள ‘சர்’ என்பது தகப்பனைக் குறிக்கும் ‘சயர்’ என்று நினைத்து, எழுத்துக்கூட்டலையே அதற்குத் தக்கபடி மாற்றி எழுதிய ஆங்கிலேயர்களும் உண்டு. அது பிழை. சொல்லின் நேர்ப்பொருள், ஏற்கெனவே உள்ள பெயரின் மேல் கூடுதலாக ஏற்றிய பெயர் என்பதுதான். ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் கொல்லர் ஜான், மலையடி ஜான், ராபர்ட் மகன் ஜான், வெள்ளைமுடி ஜான் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கியது. ஸ்மித், ஹில், ராபர்ட்சன், வைட்ஹெட் எல்லாம் இப்படி வந்தவைதான். தொழில், இடம், தந்தை, அடையாளம் என்ற இந்த நாலு ஊற்றுக்குள் ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இந்த நாலும் நம்மிடமும் அப்படியே இருந்தன. பழந்தமிழ்ப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்ற ஒற்றைப் பெயரில் இரண்டு ஊரும் ஒரு தொழிலும் இருக்கின்றன, கூலவாணிகன் என்றால் தானிய வணிகன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், தந்தை. நரிவெரூஉத்தலையார், அதாவது நரியும் வெருளும் தலைக்காரர், என்றால் ஆளின் தலையை வைத்து ஏதோ கிண்டல் நடந்திருக்கிறது என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் படுகிறது, உரைகாரர்கள் என்ன காரணம் சொன்னாலும் சரி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலவாணிகன் என்பது சாத்தனாரோடு நின்றுவிட்டது. அவர் பேரன் புலவனாகவோ உழவனாகவோ போயிருந்தால் அவனைக் கூலவாணிகன் என்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்திலோ, சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் அந்த ஒட்டுப்பெயர் உறைந்துவிட்டது. கொல்லன் மகன் தச்சனானாலும் ஸ்மித்தான், அவன் பேத்தி வழக்கறிஞரானாலும் ஸ்மித்தான். 1538இல் தேவாலயப் பதிவேடுகள் கட்டாயமான பிறகு அது ஏட்டிலும் ஏறி இறுகிவிட்டது. ஆக, சர்நேமின் இன்றைய பொருளுக்கு உயிர்நாடி வழிவழியாக மாறாமல் இறங்குவது. தமிழில் எந்தச் சொல்லை வைத்தாலும் அது தெரிய வேண்டும்.

‘கடைசிப் பெயர்’ இதில் எதைச் சொல்கிறது? பெயர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும். அதையாவது சரியாகச் சொல்கிறதா என்றால் அதுவும் இல்லை. மா சே துங்கின் குடும்பப்பெயர் மா, அது முதலில் நிற்கிறது. இன்றைய சீன அதிபருக்கு ஷி என்பது குடும்பப்பெயர், ஜின்பிங் என்பது வீட்டார் வைத்த பெயர். நம் செய்தித்தாள்கள் ‘கடைசிப் பெயரால் குறிப்பிடுவதே மரியாதை’ என்ற ஆங்கிலப் பாடத்தை நம்பி ‘ஜின்பிங் பேசினார்’, ‘ஜின்பிங் எச்சரிக்கை’ என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. தென்கொரியாவில் 2015 கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம். அந்தக் கிம்மும் முன்னால்தான் வரும். அவ்வளவு தூரம் ஏன், தெலுங்கைப் பாருங்கள். என்.டி. ராமராவில் ‘என்’ என்பது நந்தமூரி, அதுதான் குடும்பத்தின் பெயர். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் சொல் ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப்பெயர். மலையாளத்திலும் வீட்டுப்பேர்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் ‘வீடு’ என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் கடைசியில் போய் நிற்கிறோம். ஐரோப்பாவுக்குள்ளேயே ஹங்கேரியர்கள் குடும்பப்பெயரை முன்னால்தான் எழுதுவார்கள். நாம் பேலா பார்ட்டோக் என்று அறிந்த இசைமேதை அவர்களுக்குப் பார்ட்டோக் பேலா.

ஸ்பானியக்காரர்களிடம் வந்தால் ‘கடைசி’ என்ற கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். அவர்களுக்கு இரண்டு குடும்பப்பெயர், வழக்கப்படி தந்தையுடையது முன்னே, தாயுடையது பின்னே. கார்சியா மார்க்வெஸில் கார்சியா தந்தை வழி, மார்க்வெஸ் தாய் வழி. தமிழ் இலக்கிய உலகம் மூன்று தலைமுறையாக அவரை மார்க்வெஸ் என்று அம்மா பக்கத்துப் பெயரால் மட்டும் அழைத்துவருகிறது. இனிமேல் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம், பழகிவிட்டது. ஆனால் காரணம் இந்தக் ‘கடைசி’தான். பிக்காசோ கதை வேறு. அவருடைய தந்தை வழிப்பெயர் ரூயிஸ், தாய் வழிப்பெயர் பிக்காசோ. ரூயிஸ் ஸ்பெயினில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்கும் பெயர். பிக்காசோ இத்தாலியிலிருந்து வந்த, ஸ்பெயினில் அரிதான பெயர். மனிதர் ஓவியத்தில் அரிதான பெயரைக் கையெழுத்தாக்கிக்கொண்டார். ஒரு பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது, பாருங்கள்.

‘எல்லாரும் புரிந்துகொள்கிறார்களே, அப்புறம் என்ன’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே புரிந்துகொள்கிறார்கள்? கட்டத்தில் சிலர் இனிஷியலைப் போடுகிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் சொந்தப் பெயரையே இரண்டாகப் பிளந்து செந்தில் ஒரு பக்கம், குமார் ஒரு பக்கம் என்று போடுகிறார்கள். ‘லாஸ்ட் நேம்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தெரிந்தவருக்குத்தான் ‘கடைசிப் பெயர்’ புரிகிறது. அவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை என்பது தெரியும், சொற்களைத் துண்டுதுண்டாக அனுப்பி மாலைக்குள் வேண்டும் என்கிறார்கள். ஆனாலும் அகராதியைத் திறந்தால் குடும்பப்பெயர் என்று போட்டிருக்கிறதே, அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சரி, மற்ற சொற்கள். ‘துணைப்பெயர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சர்நேம் ஒரு காலத்தில் குறித்த பொருளுக்கு, அதாவது ஒட்டுப்பெயருக்கு, இது நன்றாகவே பொருந்தியிருக்கும். இன்றைக்குப் பொருந்தாது. பதிவேட்டில் அதுதான் தலைமைப் பெயர், மற்றதுதான் துணை. ‘மேற்பெயர்’ என்று நேர்ச்சொல்லாக்கம் செய்தால் ஏதோ உறையின் மேல் எழுதும் பெயர் போல இருக்கிறது.

‘சாதிப்பெயர்’ என்று கூசாமல் எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வட இந்தியர் பெயர்கள் சிலவற்றைப் பார்த்து எல்லாச் சர்நேமும் சாதி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஸ்மித் சாதியா? சாதிப்பட்டம் என்பது ஒன்றுக்கொன்று உறவில்லாத லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பொது. குடும்பப்பெயரோ, குறைந்தபட்சம் கருத்தளவில், ஒரு குடும்பத்தினுடையது. தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயரின் வாலை அறுத்தார்களே, அவர்கள் அறுத்தது பட்டத்தை. அதனால்தான் இன்று நம் பெயரில் குடும்பப்பெயரும் இல்லை, பட்டமும் இல்லை, முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. அந்த எழுத்து தந்தையின் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், ஆகவே அது சர்நேம் ஆகாது. ஐஸ்லாந்தில் இதே முறை இன்னும் நடக்கிறது. யோனின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர், அடுத்த தலைமுறைக்கு வேறு. அங்கே தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயர் வரிசையில் அச்சிட்டார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்துக் கொடுக்கிறார்கள், பெயர் தெரியவில்லை என்று பொருள். பெயர் முழுசாக அங்கேயே இருக்கும்போது!

தனித்தமிழ் அன்பர்கள் ‘குடிப்பெயர்’ என்பார்கள். ஆசைப்பட வேண்டிய சொல்தான். குறளில் குடிமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, சேக்கிழார் என்பது அவர் குடியின் பெயர் என்றும் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்றும் மரபு சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் ‘குடிபெயர்’ என்றால் ஊரைவிட்டுப் போவது. நடுவில் ஒரு ‘ப்’ விட்டுப்போனால் படிவம் நம்மை நாட்டைவிட்டுப் போகச் சொல்லும், ஒற்று விடாமல் தட்டச்சு செய்கிறவர்கள் இன்று எத்தனை பேர்? குடும்பம் வடசொல், அதனால் வேண்டாம் என்ற வாதமும் உறுதியானதல்ல. ‘குடி’ என்ற திராவிட வேரிலிருந்து அது வடமொழிக்குப் போயிருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள். வந்ததோ போனதோ, குடும்பம் என்றால் தெரியாத தமிழர் இல்லை. குடும்பப்பெயர் போதும். ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். ‘குடும்ப பெயர்’ என்று ஒற்றையும் விட்டு நடுவில் இடைவெளியும் விட்டு எழுதினால் அது சொல்லாகவே நிற்காது.

இனி அந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் குடும்பப்பெயர் என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் வந்தே இருக்காது. பெயர்கள் ஏன் அழிகின்றன என்பதை 1873இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கணக்குப் புதிராகவே கேட்டார். எச். டபிள்யூ. வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார், மறு ஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பெயர் மகன் வழியாக மட்டும் இறங்குகிறது. ஒரு தலைமுறையில் மகன் இல்லையென்றால், ஏழு மகள்கள் இருந்தாலும் அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் இருக்கும்போதுகூட, காலம் போகப்போகச் சில பெயர்கள் பெருத்து மற்றவை ஒவ்வொன்றாக உதிரும். ‘பெயர் அழிந்தது’ என்றால் குடும்பம் அழிந்தது என்று பொருளல்ல, மகள்களின் பிள்ளைகள் வேறு பெயரில் நன்றாகவே இருப்பார்கள். மொழிபெயர்ப்பில் ‘வம்சம் அழிந்தது’ என்று ஒரு வரி இருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்காத குறை.

எண்ணிக்கையைப் படிக்கவும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் ஸ்மித் 24,42,977 பேர். நூறு பேருக்குக் குறையாமல் உள்ள குடும்பப்பெயர்களை மட்டும் வெளியிட்டார்கள், அதுவே 1,62,253. அதற்கு முந்தைய 2000 கணக்கெடுப்பில் மொத்தமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகி, அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒருவருக்கு மட்டும் இருந்தன. அத்தனையும் அபூர்வக் குடும்பப்பெயர்களா? எழுத்துப்பிழை, இரண்டு பெயர் ஒட்டிக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. நம்மவர்களை நினைத்துப் பாருங்கள். அப்பா பெயர் வேலுச்சாமி என்று அந்தக் கட்டத்தில் எழுதியதும் அது சர்நேம் ஆகிவிடுகிறது, ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒரே பெயர் நாலு பெயராகப் பிரிந்து நிற்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்து இரண்டு பேருக்குத் தொலைந்த உறவு கண்டுபிடிக்கக் கிளம்பினால் வீண் அலைச்சல்தான். தாய்லாந்தில் கதை நேர்எதிர். 1913இல் சட்டம் போட்டுத்தான் அங்கே குடும்பப்பெயரே வந்தது, ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் எடுக்கக் கூடாது என்ற ஏற்பாட்டில். அதனால் அங்கே பெரும்பாலான பெயர்கள் சிலருக்கே உரியவை, ஒரே பெயர்க்காரர்கள் சந்தித்தால் உறவினராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதனால் ‘அரிய குடும்பப்பெயர்’ என்று எல்லாவற்றுக்கும் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அரிய என்றால் அதில் அருமையும் சேர்ந்துவிடுகிறது, அரிய வாய்ப்பு, அரிய நூல் என்பது போல. தொடக்கத்திலிருந்தே சிலருக்கு மட்டும் உள்ளதை ‘அரிதான’ எனலாம், தாய்லாந்துப் பெயர்கள் அப்படி. முன்பு நிறையப் பேருக்கு இருந்து கால்ட்டன் கணக்குப்படி தேய்ந்ததை ‘அருகிய’ எனலாம், இன்னும் தேய்ந்துகொண்டிருந்தால் ‘அருகிவரும்’. நான் படித்த கட்டுரையில் சொல்லப்பட்டது, பழைய பதிவேடுகளில் பல ஊர்களில் இருந்து இன்று சில நூறு பேரிடம் நிற்கும் பெயர். தலைப்பில் ‘அருகிவரும் ஒரு குடும்பப்பெயர்’ என்று போட்டிருக்கலாம்.