உங்கள் நன்கொடை எந்த நிலையத்துக்குப் போகிறது?

அமெரிக்காவில் ஒரு பொது வானொலி நிலையத்தில் ஒலிபரப்புப் பொறியாளராகப் பணிபுரியும் நான், நிதி திரட்டும் வாரங்களில் தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம் நேயர்கள் கேட்கும் கேள்வி, "என்பிஆருக்குப் பணம் கட்ட வேண்டும், எப்படி?" என்பதுதான். அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால், அந்தக் கேள்வியில் உள்ள தவறான புரிதலைக் களைவது அவசியம்.

1970இல் தொடங்கப்பட்ட என்பிஆர் (நேஷனல் பப்ளிக் ரேடியோ) என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, செய்திகளையும் நிகழ்ச்சிகளையும் தயாரித்து நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு வழங்குகிறது. ஆனால், அந்த நிலையங்கள் அதற்குச் சொந்தமானவை அல்ல. பல்கலைக்கழகமோ உள்ளூர் இலாப நோக்கற்ற அமைப்போ உரிமம் பெற்று நடத்தும் உங்கள் ஊர் நிலையம், என்பிஆர் நிகழ்ச்சிகளுக்குத் தானே கட்டணம் செலுத்துகிறது. உள்ளூர்ச் செய்தியாளருக்கும் தானே ஊதியம் தருகிறது.

பண்பலையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வணிக நோக்கற்ற ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே நிதியுதவி செய்யும் நிறுவனத்தின் பெயரையும் தொழிலையும் சொல்லலாம். விலையைச் சொல்வதோ, "இன்றே வாங்குங்கள்" என்று அழைப்பதோ விதிப்படி கூடாது. ஆகவே, நேயரின் பணம் இல்லாமல் நிலையத்தை நடத்த முடியாது.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவைச் சிதைத்தபோது, ஆஷ்வில் பகுதியில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருசேர அற்றுப்போயின. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற விவரங்களை மக்கள் அறிந்தது, ப்ளூ ரிட்ஜ் பொது வானொலி நேரலையாகத் தந்த மாவட்ட அதிகாரிகளின் விளக்கக் கூட்டங்களிலிருந்துதான். காரிலிருந்த வானொலியே பலருக்கு வெளியுலகோடு எஞ்சிய தொடர்பு.

பொது ஒலிபரப்புக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. என்பிஆர் தலைமையகத்துக்கு நேரடியாக வந்த மத்திய அரசின் பணம் அதன் வருவாயில் சுமார் ஒரு விழுக்காடுதான். உண்மையான அடி, நன்கொடையாளர்கள் குறைந்த சிற்றூர்களின் நிலையங்களுக்கே விழுந்தது. புயல் நேரத்தில் மாற்று வழி ஏதும் இல்லாதவர்கள் அந்த ஊர்களில்தான் மிகுதியாக இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

உங்கள் ஊர் நிலையத்தின் அலைவரிசை எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்; பேட்டரியில் இயங்கும் வானொலி ஒன்றை வீட்டில் வையுங்கள்; நன்கொடையை அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள். எங்கள் கோபுரத்தடியில் இருக்கும் ஜெனரேட்டரை மாதந்தோறும் ஓட்டிப் பார்க்கிறேன். அதில் எரியும் டீசல் நேயர்கள் வாங்கித் தந்தது.