விரதம் முடிந்த அன்று என்ன சாப்பிட்டாள்?

"எங்க பொண்ணுக்கு பக்தி ஜாஸ்தி டாக்டர், வாரத்துல மூணு நாள் விரதம்" என்று பெருமையோடு தொடங்கும் அம்மாக்கள் உண்டு. பக்கத்தில் அந்தப் பெண் மே மாத வெயிலிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். மாதவிலக்கு நின்று மாதக்கணக்காகியிருக்கும். கையில் பூனைமுடி அடர்ந்திருக்கும், நாடித்துடிப்பு ஐம்பதைத் தொடாது.

விரதம் முடிந்த அன்று என்ன சாப்பிட்டாள் என்றுதான் முதலில் கேட்பேன். ஏகாதசி இருப்பவர்கள் துவாதசி காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காயோடு ஆசையாகப் பாரணைக்கு உட்காருவார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோயான அனோரெக்சியா உள்ளவளுக்குப் பாரணையே வராது. ஏகாதசி போனால் வெள்ளி, வெள்ளி போனால் சனி. கோயிலில் தந்த சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு தம்பி கைக்குப் போய்விடும். விரலில் ஒட்டிய நெய்யைக் கழுவிவிட்டு எடை மிஷினில் ஏறி நிற்பாள். சாமிக்காக இருக்கும் விரதத்தில் எடை மிஷினுக்கு என்ன வேலை?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இத்தாலியில் சியன்னா கேத்தரின் என்ற புனிதை உணவை ஏறக்குறைய முழுவதும் துறந்து 1380இல், 33 வயதில் இறந்தார். அது இதே நோய்தானா என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

பக்தியைப் பறிப்பது சிகிச்சை அல்ல. முதலில் உடம்பு: ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் உப்புகளின் அளவு. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோற்றைத் திணித்தால் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அதனால் மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம். மனநல ஆலோசனையும் குடும்பத்துக்கான பயிற்சியும் கூடவே நடக்கும்.

அவள் சம்மதித்தால் அவள் மதிக்கும் குருக்களிடமும் பேசுவேன். "உடம்பு தேறட்டும்மா, இப்போ விளக்கு ஏத்தினா போதும்" என்று அவர் சொன்னால், நான் பத்து தடவை சொன்னதைவிட அது உள்ளே இறங்கும். உடம்பை வளர்த்தேன், உயிர் வளர்த்தேனே என்ற திருமூலரும் நம் பக்கம்தான். ரமலான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. பிறகு பிரசாதம் ஒரு வாய் சாப்பிடுவதையே உணவுத் திட்டத்தில் சேர்ப்போம்.

சாமி நம்பிக்கை இல்லாதவரிடம் இதையெல்லாம் திணிக்கக் கூடாது. "உனக்கு நம்பிக்கை பத்தல" என்று யாரிடமும் சொல்லவே கூடாது. ஏற்கெனவே குற்றவுணர்வில் புழுங்குபவள் இன்னும் பட்டினி கிடப்பாள். மந்திரித்துக் கயிறு கட்டியதோடு மாதங்களை ஓட்டுவதும் ஆபத்து.

மயக்கம், படபடப்பு, கால் வீக்கம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; தமிழிலேயே பேசலாம்.