மாடில இருக்கிற அண்டெனாவும் காதுல இருக்கிற போனும்

போன மாசம் கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பிளாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாங்க, மேல் மாடில டெலிகோ அண்டெனா வெச்சிருக்காங்க, பிள்ளைங்களுக்கு கேன்சர் வந்துருமோன்னு எல்லாருக்கும் பயம். ரேடியோ அலைய அளக்குறதுதான் என் வேலை, மீட்டர எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்கினேன். நம்ம மலேசியாவோட தொலைத்தொடர்பு ஆணையம் எம்.சி.எம்.சி. ஏத்துக்கிட்டிருக்கிற, ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.ங்கிற சர்வதேச அமைப்பு வகுத்த பாதுகாப்பு வரம்புல 1 சதவீதத்தக்கூட எந்த வீடும் தொடல. அண்டெனா கலங்கரை விளக்கு மாதிரிங்க, பக்கவாட்டுல தூரமாதான் வீசும், நேர் கீழ விழுறது ரொம்பக் கம்மி.

ஆனா மொட்டைமாடிக்குப் போனப்ப எனக்குப் பகீர்னுச்சு. பூட்டியிருக்க வேண்டிய கதவு தொறந்து கெடக்கு, அண்டெனாவுக்கு நேர் முன்னால கொடி கட்டி ஒரு ஆண்ட்டி கைலி காயப்போட்டுக்கிட்டு இருக்காங்க! இந்த அலையால நிரூபணமான கெடுதல் உடம்பச் சூடாக்குறது, அது நடக்கக்கூடிய இடம்னா அண்டெனா மூஞ்சிக்கு முன்னாலதான். கொடிய அன்னைக்கே அவுத்து அண்டெனாவ விட்டுத் தள்ளி கட்ட வெச்சிட்டுதான் கீழ எறங்கினேன்.

அதே ஆண்ட்டி போனுக்குப் பின்னால 'ரேடியேஷன் தடுக்குற' ஸ்டிக்கர், 50 ரிங்கிட்டாம். அது நெஜமாவே அலையத் தடுத்தா போன் டவர எட்ட முடியாம இன்னும் பலமா கத்தும், அதாவது கூடுதல் அலைய வீசும், அவ்வளவுதான். டவர் பக்கத்துல இருந்தா போன் முணுமுணுக்கும், லிஃப்ட்லயும் பேஸ்மெண்ட் கார் பார்க்லயும் தொண்டை கிழியக் கத்தும். அதனால டவரத் தூக்குங்கன்னு சண்டை போட்டு ஜெயிச்சா நம்ம காதுல இருக்கிற போன்தான் கூடுதலா வீசும், அந்த பிளாட்டுக்காரங்க கூட்டத்துல இத நான் மூணு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அரசு, 5ஜி-லேர்ந்து காப்பாத்தும்னு வித்த 10 பொருளுங்கள்லயே கதிரியக்கம் இருக்குன்னு எச்சரிச்சுது, அந்த மாதிரி கழுத்துப் பதக்கம், தூங்கறப்ப கண்ணுல போடுற மூடியெல்லாம் பிள்ளைங்களுக்குப் போட்டு விடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

கேன்சர் விஷயம்: 2011-ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. இந்த ரேடியோ அலைய 2பி பிரிவுல வெச்சுது, சந்தேகம் இருக்கு, ஆனா நிரூபணம் இல்லன்னு அர்த்தம். 2024-ல உலக சுகாதார நிறுவனம் செய்யச் சொன்ன ஆய்வுத் தொகுப்புல போனுக்கும் மூளைக் கேன்சருக்கும் தொடர்பு தெரியல. நான் பயப்படல, இருந்தாலும் சிக்னல் ஒரே கோடு இருக்கிறப்ப காதுல ஒட்டி அரை மணி நேரம் பேச மாட்டேன், ஸ்பீக்கர்ல போடுவேன், இல்லன்னா இயர்போன். கொஞ்சம் தள்ளி வெச்சாலே அளவு சடார்னு கொறையும்.

போன் செட்டிங்ஸ்ல வோல்டீ (VoLTE), அதாவது 4ஜி வழியா கால் பேசுற வசதி, ஆன்ல இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல 3ஜி 2021 கடைசில மூடியாச்சு, வோல்டீ இல்லன்னா கால் 2ஜி-க்கு எறங்கிடும், அதுல போன் உச்சத்துல 2 வாட் வரைக்கும் அலைய வீசும், 4ஜி-ல பெரும்பாலும் 0.2 வாட்தான்.

கூட்டம் முடிஞ்சு ஒரு அங்கிள் நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்குன்னாரு, போன் சரியா அதுக்கு மேல சட்டைப் பையில. நவீன போன்ல காந்தமும் இருக்கு, அது பேஸ்மேக்கரப் பாதிக்கலாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க அங்கிள்னு சொன்னேன், உடனே எடுத்து மனைவி கைப்பைல போட்டுட்டாரு.