சமூகத் தணிக்கை: சொல்லும் பொருளும்

கிராம சபை அழைப்புகளில் ‘சமூகத் தணிக்கை’ என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அரசுத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்தது, என்ன வேலை நடந்தது, கூலி யாருக்குப் போனது என்பதை ஊர் மக்களே சரிபார்த்து, சபையில் வைத்துப் பேசுவதற்கு அந்தப் பெயர். ஆங்கிலத்து ‘சோஷியல் ஆடிட்’டின் தமிழாக்கம் இது.

முதலில் ‘தணிக்கை’. ‘தணி’ என்ற வினையிலிருந்து பிறந்தது போலத் தோன்றினாலும் இது தமிழ் வேர்ச்சொல் அல்ல. சீர்பார்த்துத் திருத்துதல் என்று பொருள்படும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து ‘தணிக்கை’ ஆனது. கன்னடத்தில் விசாரணையைக் குறிக்கும் ‘தனிகே’யும் இதன் உறவுதான். தமிழில் இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: சினிமாவில் வெட்டுவதும் தணிக்கை. அதனால் இந்தச் சொல்லைக் கேட்டாலே, மூடிய அறைக்குள் அதிகாரிகள் பார்த்து முடிக்கிற காரியம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் உறுத்தல்.

ஏனென்றால் ‘ஆடிட்’டின் மூலமே வேறு. கேட்டல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த காலத்தில், கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டுத்தான் சரிபார்த்தார்கள். ‘சோஷியல் ஆடிட்’ என்ற சேர்க்கை மிகப் பிந்தியது. 1940-இல் அமெரிக்கப் பொருளியலாளர் தியோடர் கிரெப்ஸ் தொழில் நிறுவனங்கள் சமூகத்துக்கு என்ன செய்தன என்பதை அளக்க அதைப் பயன்படுத்தினார்.

இந்தியாவில் அதற்கு வேறு உயிர் கிடைத்தது. ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் ‘ஜன் சுன்வாய்’ நடத்தியது. மக்கள் முன்னால் கேட்டறிதல் என்று அதற்குப் பொருள். சங்கடனைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். கூலிப் பட்டியலை ஊர் நடுவில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’, அதாவது ‘நம்ம பணம், நம்ம கணக்கு’ என்பது அவர்களின் முழக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான போராட்டமும் இங்கிருந்துதான் வளர்ந்தது. பிறகு 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்குக் கொடுத்தது. கூலிக்காரர்கள் ஊர் நடுவில் உட்கார்ந்து கேட்ட கேள்வி பதினோரே ஆண்டுகளில் நாட்டின் சட்டமானது பெரிய விஷயம்.

நூறு நாள் வேலையில் இது நடக்கும் விதம் எளிமையானது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் வீடு வீடாகப் போய் வேலை அட்டையை வாங்கி, வருகைப் பட்டியலில் உள்ள நாட்களை உரியவரிடமே கேட்பார்கள். “அந்த வாரம் நான் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தேனே” என்று ஓர் அம்மா சொன்னால், அந்தக் கூலி யார் கணக்கில் ஏறியது என்று பார்த்தாக வேண்டும். அப்புறம் வேலை நடந்த இடம். பண்ணைக்குட்டை என்றால் நாடா பிடித்து நீளம், அகலம், ஆழம் அளந்து, எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். புத்தகத்தில் ஆழம் ஒன்றரை மீட்டர், நேரில் முழங்கால் அளவு என்றால் அது அறிக்கையில் ஏறி, சபையில் வாசிக்கப்படும்.

மதிப்பீடும் இதுவும் ஒன்றல்ல. குட்டை வெட்டியதால் கிணறுகளில் நீர் ஏறியதா, பயிர் கூடியதா என்று பார்ப்பது மதிப்பீடு. சொன்ன குட்டை சொன்ன அளவில் இருக்கிறதா, வெட்டியவருக்குக் கூலி வந்ததா என்பது தணிக்கை. இல்லாத குட்டையின் பலனை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. தணிக்கைதான் முதலில் நடக்க வேண்டும்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? இலங்கையில் ஆடிட்டைக் ‘கணக்காய்வு’ என்கிறார்கள். துல்லியமான சொல், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் அதிலும் கேட்டல் இல்லை. நம்மிடம் அதைவிடப் பழைய வழக்கு இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அவர்கள் மட்டுமல்ல, சிற்றவ்வை, பேரவ்வை மக்கள் உள்ளிட்ட உறவினருக்கும் தடை. பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும். ஊர் கணக்குக் கேட்கும். ‘கணக்குக் கேட்டல்’ என்பதில் காதால் கேட்பதும் உண்டு, உரிமையோடு வினவுவதும் உண்டு. 1972-இல் எம்.ஜி.ஆர். தாம் அப்போது இருந்த தி.மு.க.வில் ‘கணக்குக் கேட்டார்’ என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

ஆகவே ‘ஊர்க் கணக்குக் கேட்பு’ என்பது என் பரிந்துரை. அரசாணைகளில் சமூகத் தணிக்கை நிலைத்துவிட்டது. அங்கே அது இருக்கட்டும். கிராம சபை அழைப்பிலாவது அந்தத் தொடரின் கீழே ‘நூறு நாள் வேலைக் கணக்கு வாசிக்கப்படும், கேட்க வாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிடலாம். தண்டோரா போடுகிறவரும் அதையே சொல்லலாம்.